இரண்டு நாட்டு டெலிவிஷனில் ஒரு மூரியல்

இங்கிலாந்தே தன்னைப் பார்த்துச் சிரித்தபோது மூரியல் ஹோல்ராய்டுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அமெரிக்கா தன்னைப் பார்த்துக் கண்கலங்கியது என்று கேள்விப்பட்ட அன்றுதான் அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

பிரிட்லிங்டன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவுத் தெருவில் அவளுடைய மீன் வறுவல் கடை. ஹேடக் மீன், தடித்தடியாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, பட்டாணி மசியல். இதே சரக்கு துறைமுகத்தைச் சுற்றி இன்னும் நாலு கடைகளில் கிடைக்கும். ஆனாலும் மூரியல் கடையில்தான் கூட்டம். மீனுக்காக நிற்பவர்கள் பாதி, அவள் வாயைக் கேட்பதற்காக நிற்பவர்கள் பாதி.

"போன வாரம் பெரிய மீன் கேட்டீங்க. இந்த வாரம் பெரிய சைஸ் பேண்ட்ல வந்து நிக்கிறீங்க. இன்னிக்குச் சின்னதுதான் தருவேன், ஆமா" என்பாள் வங்கி மேனேஜரிடம். அவர் முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கொண்டு போவார். மூரியல் திட்டினால் நாம் நல்லபடியாக இருக்கிறோம் என்று அர்த்தம். அவள் மரியாதையாக, "வாங்க ஐயா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டால் அந்த ஆள் நேரே டாக்டரிடம் போவான். எங்கள் தெருவில் அன்பு அப்படித்தான் நடமாடியது.

கடைக்குப் பின்னறையில் ஒரு டெலிவிஷன் பெட்டி. சாயங்காலத் தொடர் ஓடும் நேரத்தில் தெருவில் ஒரு ஈ, காக்கை இருக்காது. முடிவு இசை கேட்டவுடன் மூரியல் எழுந்து மீனைக் கொதிக்கும் கொழுப்பில் இறக்குவாள். மீன் பொன்னிறமாகும்போது கடைவாசலில் மணி அடிக்க ஆரம்பிக்கும். எல்லா வீட்டிலும் ஒரே தொடர், எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. 'அந்தப் படுபாவி மறுபடியும் அவளிடம் வந்துவிட்டானே' என்று வரிசை முழுக்கப் புலம்பும்.

பக்கத்துக் கடை பெரில் டாட்ஸுடையது. கம்பளி நூல் விற்பாள். அவளுக்கு மான்ட்டி என்று ஒரு நாய். அது குட்டியாக இருந்தபோது கைப்பைக்குள் அடங்கும். பிறகு ஒரு குளிர்காலத்தில் திடீரென்று ஊதிப்போய், படியேற முடியாமல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால்நடை டாக்டர் பெரிலைப் பிடித்துக் கத்து கத்து என்று கத்தினார். "சத்தியமா அரை வயித்துக்குத்தான் போடறேன் டாக்டர், அதுக்குத் தண்ணி உடம்பு" என்று பெரில் அழுதாள். அன்றிலிருந்து ஊரில் யார் குண்டானாலும் 'தண்ணி உடம்பு' என்பது கிண்டலாகிவிட்டது.

மூரியலின் கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள் ஜில்லியன். யார்க்ஷயர் முழுக்கத் தேடினாலும் வினிகர் இல்லாமல் மீன் வறுவல் சாப்பிடும் ஒரே ஜீவன் அவள்தான். "வினிகர் வேணாம்னு சொல்றதுக்கு நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்று திட்டிக்கொண்டே மகளுக்கு மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டுவாள் மூரியல். அந்த ஜில், டேல் என்ற அமெரிக்க விமானப்படைக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு ஓஹாயோவுக்குக் கிளம்பினாள்.

வழியனுப்ப யார்க் ஸ்டேஷன் வரைக்கும் போனார்கள். காரை ஓட்டியவன் ஏட்ரியன். நாடகத்தில் நடிக்க வேண்டும் என்று அலைந்து, வேஷம் கிடைக்காத குளிர்காலங்களில் மூரியல் கடையில் உருளைக்கிழங்கு உரிப்பவன். ரயில் நகரப்போகிறது. ஜில் ஜன்னலில் தலையை நீட்டி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூரியல் வாயைத் திறந்தாள்.

"முட்டை சாண்ட்விச்சை முதல்ல சாப்பிட்டுரு. வச்சிருந்தா நாறிடும்."

அவ்வளவுதான். ரயில் போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து ஏட்ரியன் ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதினான். பெயர் 'உப்பு போடவா?'. டோரிஸ் என்ற மீன் கடைக்காரி, அவள் வாய், அவள் மகள். மொத்தம் ஆறே பாகம். டோரிஸாக நடித்த நடிகைக்கு மூன்று தாடை, கணுக்காலில் சுருண்டுபோன காலுறை. எந்தப் பாகத்திலும் டோரிஸ் திருந்தவில்லை. ஒவ்வொரு வாரமும் ஏதாவது செய்யப்போய், அது கெட்டுக் குட்டிச்சுவராகி, கடையை மூடிவிட்டுத் தனியாக டீ குடிப்பாள். நாடே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் வரிசை துறைமுகம் வரை நீண்டது.

"அது நான்தானாமே?" என்று பெரிலிடம் கேட்டாள் மூரியல்.

"உன்னைவிட அவ கொஞ்சம் தேவலை. மாசத்துக்கு ஒரு தடவையாவது தலை சீவுறா" என்றாள் பெரில்.

மூரியலுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அடுத்த வருடம் இன்னொரு ஆறு பாகம் வந்தது. கடைசிப் பாகத்தில் டோரிஸின் மகள் ரயிலேறினாள். முட்டை சாண்ட்விச் வசனம் அப்படியே வந்தது. பின்னறையில் பெரிலும் தெருவில் பாதிப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூரியலும் சிரித்தாள். ஆனால் சிரித்த கையோடு எழுந்து, எல்லாருக்கும் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். கெட்டில் கொதித்து அவள் திரும்பி வந்தபோது தொடர் முடிந்திருந்தது. பெரில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடையில் ஒருவர்கூடக் கிண்டல் செய்யவில்லை. வங்கி மேனேஜர் தொப்பியைக் கழற்றி, "உடம்பைப் பாத்துக்குங்க, மிசஸ் ஹோல்ராய்ட்" என்றார். தனக்கு ஏதோ பெரிய வியாதி, அது ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியவில்லை என்றே மூரியல் நினைத்தாள். என்ன ஏது என்று கேட்க வாய் வரவில்லை. எங்கள் ஊரில் அதெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை.

அதோடு தொடர் நின்றுவிட்டது. "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு" என்றான் ஏட்ரியன். யாரும் அவனை மறித்துக் கேட்கவில்லை. நல்ல தொடர் சட்டென்று முடிந்துபோவதுதான் முறை. மூரியல் மட்டும் எல்லாப் பாகத்தையும் டேப்பில் பதிந்து ஓஹாயோவுக்கு அனுப்பினாள். ஜில்லிடமிருந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது, அந்தப் பேச்சு மட்டும் வரவில்லை. ரயில் காட்சி அவள் மனதைப் புண்படுத்திவிட்டது, அதனால்தான் ஊர்ப்பக்கமே வரமாட்டேன் என்கிறாள் என்று மூரியல் தானாகவே முடிவுகட்டிக்கொண்டாள்.

இதற்கிடையே அமெரிக்காவிலிருந்து வெஸ்லி என்ற தயாரிப்பாளர் வந்தார். தொடரை வாங்கித் தங்கள் நாட்டுக்கேற்ப எடுக்கப் போகிறார்களாம். கடைக்கு வந்து மீன் சாப்பிட்டார், கை குலுக்கினார், எடுத்த எடுப்பிலேயே 'மூரியல்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வங்கி மேனேஜருக்கே இன்னும் தைரியம் வரவில்லை. திடுக்கிட்டுப்போன மூரியல் வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதைச் சொல்லிவைத்தாள்: "ஒருநாள் வீட்டுக்கு டீ குடிக்க வாங்களேன்."

மனுஷன் மறுநாளே பூங்கொத்தோடு வந்து நின்றார்.

மூரியல் தலையில் முடி சுருட்டும் கிளிப்புகளோடு கதவைத் திறந்தாள். "என்னங்க ஆச்சு?"

"நீங்கதானே டீக்குக் கூப்பிட்டீங்க, மூரியல்?"

"நானா? ஆமா, கூப்பிட்டேன். ஆனா வருவீங்கன்னு நினைக்கலையே!"

அவருக்கும் புரியவில்லை, இவளுக்கும் புரியவில்லை. இருந்தாலும் வந்த ஆளை வெளியே நிறுத்த முடியுமா? உட்காரவைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாள். அவர் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"டோரிஸுக்கு வாழ்க்கையில என்ன வேணும், மூரியல்?"

"மீன் விக்கணும்."

"அது சரி. ஒவ்வொரு வாரமும் முடிவுல அவ என்ன கத்துக்கறா? அவகிட்ட என்ன மாறுது?"

மூரியல் யோசித்தாள். "கொழுப்பை மாத்துவா. வாரம் ஒருதரம் மாத்தியே ஆகணும், இல்லேன்னா கசக்கும்."

வெஸ்லி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு ஸ்டேஷன்ல உங்க மகள்கிட்ட உண்மையில என்ன சொல்ல நினைச்சீங்க?"

"அதான் சொன்னேனே. சாண்ட்விச்."

போகும்போது அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. நல்ல மனுஷன்தான். ஆனால் தன்னிடம் என்னத்தைத் தேடினார் என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அமெரிக்கத் தொடர் 'அன்புள்ள டோரி' என்ற பெயரில் ஆரம்பித்தது. ஒரு வருடம் ஓடியது. மறு வருடமும் ஓடியது. அதற்கடுத்த வருடமும் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னுமா? அந்தக் கடையில இன்னும் மீனே தீரலையா?" என்று பெரில் வாயைப் பிளந்தாள். பத்திரிகையில் ஒரு படம் வந்தது. டோரி இடுப்பு சிறுத்து, பல் பளபளத்து, பற்பசை விளம்பரத்திலிருந்து இறங்கி வந்தவளாக இருந்தாள். அப்படி ஒருத்தி ஏன் மீன் பொரிக்கிறாள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஃபோன் அடித்தது. ஜில். அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த வாரம் டோரி பார்த்தேன். அவ மகள் பிளேன் ஏறப்போறா. டோரி ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கறா. 'உன்னை நினைச்சா எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, நீ இல்லாம நான் எப்படி இருப்பேன்'னு சொல்றா. நானும் டேலும் குழந்தைங்களும் சேர்ந்து அழுதோம்."

"அப்படியா" என்றாள் மூரியல்.

"ஏட்ரியன்தானே உன்னைக் கார்ல கூட்டிட்டுப் போனாரு? ரயில் போனப்புறம் நீ அவர்கிட்ட இதைச் சொல்லியிருக்கே. அதைத்தான் அவரு எழுதியிருக்காரு. ஏம்மா என்கிட்ட சொல்லலை? இத்தனை வருஷம் நான் என்னென்னமோ நினைச்சிட்டேன். நான் போனதே உனக்கு நிம்மதின்னு நினைச்சேன்மா."

"லைன்ல இரைச்சலா இருக்கு" என்றாள் மூரியல்.

"ஈஸ்டருக்கு வர்றேன். நான் மட்டும் வர்றேன். உன்னைப் பாக்கணும்."

ஃபோனை வைத்தவள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மகள் வருகிறாள். சந்தோஷம்தான். ஆனால் மகள் எதற்காக வருகிறாள்? அம்மா சொன்ன ஒரு வாக்கியத்துக்காக. அந்த வாக்கியத்தை அம்மா சொன்னாளா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. காரில் போனது நினைவிருக்கிறது, மழை நினைவிருக்கிறது, தான் என்ன பேசினோம் என்பது மட்டும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

ஜில் அந்தப் பாகத்தை டேப்பில் பதிந்து அனுப்பினாள். மூரியலும் பெரிலும் டீயோடு உட்கார்ந்தார்கள். டேப்பைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக உருண்டது. ஒரு முகம் தெரிந்தால் அதன் நெற்றி கீழே இருந்தது, தாடை மேலே இருந்தது. சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

"பெட்டியைத் தட்டுடி" என்றாள் பெரில்.

தட்டினார்கள். இன்னும் வேகமாக உருண்டது. சரி, காதால் கேட்போம் என்று இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு பெண் பேசினாள், கூட்டம் சிரித்தது. டோரி உள்ளே வந்ததற்கே கை தட்டினார்கள். அவள் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே, அதற்குள் எதற்குக் கைதட்டல் என்று மூரியல் குழம்பினாள். மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. உடனே ஒரு பெண்குரல், முதுகுவலியால் தூங்கவே முடிவதில்லை என்று தழுதழுத்தது.

"ஐயோ, டோரிக்கு முதுகுவலியா?" என்றாள் மூரியல்.

"நாள் முழுக்க நின்னா வராதா? உனக்கும் இருக்கே" என்றாள் பெரில்.

பிறகு யாரோ ஒருவர் புதுக் கார் வாங்கினார். பிறகு ஒரு வக்கீல், யார் மேலாவது வழக்குப் போட வேண்டுமா என்று கேட்டார். பிறகு மகள் அழுதாள். பிறகு சீஸ் உருகுவதைப் பற்றி ஒருவர் உருகி உருகிப் பேசினார். விளம்பரமே இல்லாத சேனலில் 'உப்பு போடவா?' பார்த்துப் பழகிய இரண்டு பேருக்கும், கதை எங்கே நிற்கிறது, வியாபாரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று விளங்கவில்லை.

"அப்ப டோரி வக்கீலை வச்சு யார் மேல வழக்குப் போடறா?" என்று கேட்டாள் பெரில்.

"மகள் மேலயோ என்னமோ" என்றாள் மூரியல் கலவரமாக.

கடைசியில் அந்த வாக்கியம் வந்தது. உன்னை நினைச்சா எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. மூரியல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொல்கிறவளின் முகம் திரையில் உருண்டு உருண்டு ஓடியது, அதைப் பிடித்து நிறுத்தவே முடியவில்லை.

லண்டனில் இருந்த ஏட்ரியனுக்கு ஃபோன் போட்டாள்.

"அது நான் எழுதினதில்லீங்க, மிசஸ் ஹோல்ராய்ட். அங்கே ஒரு ரூம்ல பத்துப் பேர் உட்கார்ந்து எழுதறாங்க. என் பேரு முதல்ல வரும், அதோட சரி."

"அப்ப கார்ல நான் என்னதான்பா சொன்னேன்?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "'லாரி வருது பாத்து ஓட்டு'ன்னீங்க. அப்புறம் கடை வர்ற வரைக்கும் ஒண்ணும் பேசலை. டேப் பாத்தீங்களா?"

"கோடு கோடா ஓடுது. மெஷின் போச்சு."

"மெஷின் போகலீங்க. அவங்க டேப்பு நம்ம மெஷின்ல படம் காட்டாது, நம்ம டேப்பு அவங்க மெஷின்ல காட்டாது. இரண்டும் வேற வேற முறை."

ஃபோனை வைத்தபிறகுதான் உறைத்தது. அப்படியென்றால் தான் அனுப்பிய டேப்? ஜில் அதைப் பார்க்கவே இல்லையா? பார்க்காத ஒன்றுக்காகக் கோபித்துக்கொள்ள முடியாதே. பிறகு எதற்காக இத்தனை வருடம் வரவில்லை? மூரியலுக்கு இருந்த குழப்பம் போதாதென்று இதுவும் சேர்ந்துகொண்டது.

"சொன்னேன்னே வச்சுக்கோடி. யாருக்கு என்ன நஷ்டம்? அவ வந்து இறங்கினதும் அதே வார்த்தையைச் சொல்லிக் கட்டிப்பிடி. மகள் முக்கியமா, உண்மை முக்கியமா?" என்றாள் பெரில்.

அதுவும் சரியாகத்தான் பட்டது. மூரியல் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பழகிப் பார்த்தாள். கையில் மாவில் தோய்த்த ஹேடக். அதைப் பார்த்துக்கொண்டே, "உன்னை நினைச்சா எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?" என்றாள். வாசலில் வங்கி மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் வாங்காமல் நேரே பெரில் கடைக்குப் போய், மிசஸ் ஹோல்ராய்டுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பிரிட்லிங்டன் ஸ்டேஷனில் ஜில் வந்து இறங்கினாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அமெரிக்கப் பழக்கம்போல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். தலையில் நரை எட்டிப்பார்த்திருந்தது. மூரியலுக்கு வாக்கியம் தயாராக நாக்கின் நுனியில் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"கோட்டுப் பட்டனை மாத்திப் போட்டிருக்கே."

ஜில்லின் கைகள் மெதுவாக இறங்கின. "பிளேன்லேயே அப்படித்தான் இருந்துச்சு போல" என்றாள். வீடுவரை நடந்தார்கள். கடல் காற்று முகத்தில் அறைந்தது. இருவரும் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து டீ ஊற்றியதும் மூரியலால் தாங்க முடியவில்லை. பெரில் சொன்னது பெரிலோடு போகட்டும். பொய் சொல்லி மகளைத் தக்கவைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"ஜில், அந்த டெலிவிஷன்ல வந்தது நான் சொன்னதில்லை. ஏட்ரியனும் எழுதலை. பத்துப் பேரு ரூம்ல உட்கார்ந்து எழுதினதாம்."

ஜில் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப நீ கார்ல என்ன சொன்னே?"

"லாரி வருதுன்னு சொன்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலை."

"நான்தான் முட்டாள். டெலிவிஷன்ல பார்த்ததை நம்பிக் கடல் தாண்டி வந்திருக்கேன்" என்றாள் ஜில். கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. மறுபடியும் கிளம்பிவிடுவாளோ என்று மூரியலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்.

"நான் அனுப்பின டேப்பு?"

"அது ஓடலைம்மா. வெறும் கோடு. நீ தப்பாப் பதிஞ்சு அனுப்பிட்டேன்னு நினைச்சேன். சொன்னா சங்கடப்படுவியேன்னு சொல்லாம விட்டுட்டேன்."

"அதே டேப்பு இன்னொண்ணு என்கிட்ட இருக்கு. போடவா?" என்றாள் மூரியல். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

கடைசிப் பாகத்தைப் போட்டாள். இந்த டேப் இந்த மெஷினில் ஒழுங்காக ஓடியது. மூன்று தாடை டோரிஸ் ஸ்டேஷனில் நின்றாள். முட்டை சாண்ட்விச் வந்ததும் ஜில் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். "அப்படியே நீதான்" என்றாள். பழக்கதோஷத்தில் மூரியல் டீ போட எழுந்தாள். "உக்காரும்மா" என்று ஜில் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கடைசிக் காட்சியை மூரியலும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

திரையில் கடை மூடும் நேரம். கூட்டம் போய்விட்டது. டோரிஸ் ஒரு மீனைப் பொரிக்கிறாள். பொட்டலத்தில் வைத்து உப்பு தூவுகிறாள். கை வினிகர் பாட்டிலுக்குப் போகிறது, பாதியில் நிற்கிறது, திரும்பி வந்துவிடுகிறது. வினிகர் இல்லாமலே மடித்துக் கட்டி, அடுப்புக்கு மேல் சூட்டில் வைக்கிறாள். வாசலைப் பார்க்கிறாள். யாரும் வரவில்லை. இசை இல்லை, சிரிப்பொலி இல்லை. ஏப்ரனைக் கழற்றிவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து இருட்டுக்குள் போகிறாள். அதோடு முடிந்தது.

"படவா ஏட்ரியன். பின்னால உக்காந்து கிழங்கு உரிக்கிறான்னு நினைச்சேன், எல்லாத்தையும் பாத்திருக்கான்" என்றாள் மூரியல்.

ஜில் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அம்மா, இது நடந்துச்சா?"

"கைப்பழக்கம்தானே. உன் பங்கைப் போட்டே கைக்குப் பழக்கம். போட்டதை என்ன பண்றது?"

"தூக்கி எறிஞ்சியா?"

"ஏன் எறியணும்? நல்ல மீனு. பின்பக்கம் போய்ப் பெரிலோட நாய்க்குப் போட்டேன்."

"அன்னிக்கு மட்டுமா?"

மூரியல் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "அந்தக் குளிர்காலம் முழுக்க."

ஜில் அம்மாவையே பார்த்தாள். மான்ட்டி ஊதிப்போனதும், டாக்டர் கத்தியதும், தண்ணி உடம்பும் அம்மாவே ஃபோனில் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. ஜில்லுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குள் அழுகையும் வந்துவிட்டது. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தன் கையை எங்கே வைப்பது என்று மூரியலுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அது காற்றில் நின்றது. பிறகு மகளின் கோட்டைப் பிடித்து, மாற்றிப் போட்டிருந்த பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட ஆரம்பித்தாள்.

"பெரில்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றாள். "நாய்க்குத் தண்ணி உடம்புன்னே அவ இன்னும் நம்பிட்டிருக்கா."